ஒறம்பரை யாரைப் பார்க்க வருகிறார்கள்?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: தொடக்க நூல் 18:1-10, கொலோசையர் 1:24-28, லூக்கா 10:38-42)

 

நம் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வரும் உறவினரை 'ஒறம்பரை' என்று சொல்கிறோம். ஒறம்பரை வந்துவிட்டால் வீட்டின் நடையே மாறிவிடும். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அடுத்து "எப்பங் கெளம்புனீங்க, பஸ் கெடச்சுதுங்களா?" என்ற விசாரிப்பு. சற்று நேரத்தில் அடுப்படியில் அரிசியும் பருப்பும் கொதிக்கும் வாசம். இன்றைய வாசகங்கள் இரண்டிலும் ஒறம்பரை வருகிறார்கள். முதல் வாசகத்தில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு மூவர் வருகிறார்கள். நற்செய்தியில் மார்த்தா, மரியா வீட்டுக்கு ஆண்டவர் இயேசு வருகிறார். வருகிறவர்கள் உண்மையில் எதைப் பார்க்க வருகிறார்கள், யாரைப் பார்க்க வருகிறார்கள் என்பதை இன்று சேர்ந்து சிந்திப்போம்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த அனுபவத்தையே சொல்கிறோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியிலிருந்து சென்ற குருக்கள் மூவர் ஆஸ்திரிய நாட்டில் இன்ஸ்புருக் நகரில் இறையியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இன் என்ற ஆறு ஓடும் ஊர் அது. அந்த ஆற்றின் மேல் கட்டிய பாலத்தால்தான் ஊருக்கே அந்தப் பெயர். பேச்சு மொழி செருமன். அங்குள்ள பல்கலைக்கழகம் 1669இல் தொடங்கப்பட்டது. இறையியல் அறிஞர் கார்ல் ரானர் நெடுங்காலம் கற்பித்த இடம். அவர் 1984இல் அந்த ஊரிலேயே இறந்தார். அங்குள்ள இயேசு சபை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குருக்கள் பலர் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள்.

எங்களில் ஒருவருடைய அம்மாவும் அண்ணனும் ஒரு ஜூன் மாதம் அங்கே வந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அம்மா அதற்கு முன் விமானம் ஏறியதே இல்லை. ஒருவருடைய அம்மா என்றாலும் எங்கள் மூவருக்கும் அவர் அம்மாதான்.

அவர்களை வரவழைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழைப்புக் கடிதம், தங்குமிடத்துக்கு அத்தாட்சி, வங்கிக் கணக்கு, ஆளுக்கு 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் கேட்டார்கள். வந்து சேர்ந்ததும், எந்த வீட்டில் தங்குகிறார்கள் என்பதை மூன்று நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் எழுதிப் பதிய வேண்டும். எங்கள் இல்லத்தில் இடமில்லாததால், பக்கத்துக் கன்னியர் மடத்தில் விருந்தினர் அறை கேட்டு வாங்கினோம். அம்மா எள்ளுருண்டையும் கச்சாயமும் கொள்ளும் பச்சைப்பயறும் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டு எருமை நெய்யை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தோம். பால் பொருளும் இறைச்சியும் பையில் கொண்டுவர ஐரோப்பிய நாடுகளில் அனுமதியில்லை. அந்த நெய்யைப் பற்றி அம்மா கடைசி நாள் வரை வருத்தப்பட்டார்.

மியூனிக் விமான நிலையத்திலிருந்து இரயிலில் அழைத்துவந்தபோது சனிக்கிழமை இரவாகிவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த நாட்டில் சனி மாலையோடு கடைகளை மூடிவிடுவார்கள். ஞாயிறன்று திறக்க மாட்டார்கள். ஒறம்பரை வந்த வீட்டில் தக்காளிகூட இல்லை! அம்மா கொண்டுவந்த பயற்றைக் கடைந்து, அவர் கொண்டுவந்த பொடியைப் போட்டு, அவருக்கே சோறு போட்டோம். விருந்து வைக்க வேண்டியவர்கள் நாங்கள், வைத்ததோ வந்தவர்.

இது முதல் தவறு, சிறிய தவறு. பெரிய தவறு பிறகுதான் நடந்தது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு பயணத் திட்டம் போட்டிருந்தோம். இவ்வளவு தூரம் வருகிறார்கள், இன்னொரு முறை வருவார்களோ மாட்டார்களோ, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். திங்கட்கிழமை, பொன் முலாம் பூசிய செப்பு ஓடுகளால் வேய்ந்த பழைய மாடத்தைக் காட்டினோம். செவ்வாய்க்கிழமை கம்பி வண்டியில் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைக்கு ஏற்றினோம். ஜூன் மாதத்தில் பனியைப் பார்த்து அண்ணன் வியந்துபோனார். அம்மாவோ, "நம்ம நீலமலையாட்டவே இருக்குதுங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நகரின் பேராலயத்தில் முதன்மைப் பீடத்தின் மேல் ஓர் ஓவியம் இருக்கிறது. லூக்காஸ் கிரனாக் வரைந்த சகாய அன்னை. குழந்தை இயேசு தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒட்டிக்கொண்டிருப்பார். 1650 முதல் அந்த ஆலயத்தில் மக்கள் அதன் முன் செபித்துவருகிறார்கள். அம்மா அங்கே முழந்தாள் படியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அம்மா, நேரமாச்சு, இன்னும் ரெண்டு எடம் இருக்குது" என்று எழுப்பிவிட்டோம். அனிச்சம் என்ற பூ மோந்து பார்த்தாலே வாடிவிடும், விருந்தினரோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார்கள் என்று திருவள்ளுவர் சொன்னதைப் பள்ளியிலேயே படித்தவர்கள்தான் நாங்கள். முகத்தைச் சிரித்தபடியே வைத்திருந்தோம். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் சால்ஸ்பர்க். இசை மேதை மோட்சார்ட் 1756இல் பிறந்த வீடு அங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறது. பாதிப் படிக்கட்டில் அம்மா உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது.

"ஏனுங் சாமி, இது யாரூடுங்க?" என்று கேட்டார்.

பெரிய இசைக் கலைஞர் ஒருவர் பிறந்த வீடு என்று சொன்னோம்.

"செரிங்க. அவுங்க ஊட்டையும் வந்து பாத்தாச்சு. நீங்க இருக்கற ரூமை இன்னுஞ் செரியாப் பாக்கலீங்களே சாமி!"

அன்பார்ந்தவர்களே, இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூவரும் அந்தப் படிக்கட்டில் பேச்சற்று நின்றோம். உண்மை அதுதான். வந்த அன்று இரவு ஒரு நிமிடம் கதவைத் திறந்து காட்டியதோடு சரி. அந்த அம்மா ஆஸ்திரியாவைப் பார்க்க வரவில்லை. பையனைப் பார்க்க வந்தார். நாங்கள் அவருக்குப் பையனைத் தவிர எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது முதல் வாசகத்துக்கு வாருங்கள். ஆபிரகாம் நல்ல உபசரிப்பாளர். வெயில் நேரத்தில் ஓடிப்போய் வரவேற்கிறார். கால் கழுவத் தண்ணீர், மூன்று மரக்கால் மாவில் அப்பம், இளங்கன்று, வெண்ணெய், பால் எல்லாம் வருகின்றன. உண்ணும்போது மரத்தடியில் அருகிலேயே நிற்கிறார். ஆனால் அந்த விருந்தினர் முதலில் கேட்ட கேள்வி என்ன? சமையலைப் பற்றி அல்ல, மந்தைகளைப் பற்றி அல்ல. உன் மனைவி சாரா எங்கே என்று கேட்டார்கள். சாரா கூடாரத்துக்குள் இருந்தார். அந்த வீட்டின் நெடுநாளைய துயரமும் அங்கேதான் இருந்தது. பிள்ளையில்லாத துயரம், வெளியே சொல்லாத துயரம். விருந்தினர் அதைத் தேடி விசாரித்தார்கள். எதைப் பற்றி விசாரித்தார்களோ அதற்குத்தான் வாக்குறுதியும் கிடைத்தது.

சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பியதும் மீதித் திட்டத்தைக் கைவிட்டோம். வியன்னாவும் இல்லை, மியூனிக்கும் இல்லை. மறுநாள் காலை அம்மா மகனுடைய அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்தார். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கருவி எது என்று கேட்டார். இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அந்த ஊர் வழக்கப்படி இரவில் ஆறிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் என்றதும் அவர் முகம் வாடியது. மேசை இழுப்பறையில் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டார்.

"ஒடம்புக்கு முடியலீன்னா இங்க யாருங்க சாமி பாத்துக்கறாங்க?"

சென்ற குளிர்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததை மகன் வீட்டுக்குச் சொல்லவே இல்லை. அப்போது இல்லத்தின் சமையற்கட்டில் வேலை செய்த ஓர் அம்மையார் தினமும் மாடி ஏறிச் சூடாகச் சூப் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டார். "அவுங்களக் காட்டுங்க" என்றார். சமையற்கட்டில் அந்த இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவருக்குச் செருமன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் 'க்ரூஸ் காட்' என்று வாழ்த்துவார்கள். கடவுள் உங்களை வாழ்த்துவாராக என்பது அதன் கருத்து. அம்மா கற்றுக்கொண்ட ஒரே செருமன் சொல் அதுதான். அதையே மூன்று நான்கு முறை சொன்னார். பெட்டியிலிருந்து ஒரு நெகமம் சேலையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

அன்று இரவு எங்கள் சமையலறையில் அம்மா அரிசியும் பருப்பும் சமைத்தார். அங்கே ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும். இருட்டிய பிறகு செபமாலை சொல்வது அவருடைய வழக்கம். இருட்டுவதற்குள் பத்து மணியாகிவிட்டது. பத்துக்கு மேல் சத்தம் கூடாது என்பது இல்லத்தின் ஒழுங்கு. "சத்தமில்லாமச் சொல்லுங்க" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே மெல்லிய குரலில் தொடங்கினார். செபமாலை முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் மகன் பேசினார். இதை அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். ஆய்வேட்டின் முதல் இரண்டு இயல்களும் சரியில்லை என்று திரும்பி வந்திருந்தன. மூன்று ஆண்டு ஓடிவிட்டது. மொழி இன்னும் வசப்படவில்லை. குளிர்காலத்தில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் தொலைபேசி அட்டை வாங்கி, "நல்லாயிருக்கறனுங்க அம்மா" என்று மட்டும் சொல்லிவந்தார். பக்கத்து அறையில் இருந்த எங்களுக்கே அது முழுதாகத் தெரியாது. பயணத் திட்டத்தை அத்தனை நெருக்கமாகப் போட்டவரும் அவர்தான். ஓடிக்கொண்டே இருந்தால் அம்மா எதையும் கேட்க முடியாது அல்லவா?

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முடியலீன்னா வந்துருங்க சாமி. நம்மூட்டுல சோத்துக்கென்ன பஞ்சம்? ஊருல நாலு பேரு கேட்டா நாஞ் சொல்லிக்கறன்."

படித்து முடித்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. செபித்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. வந்துவிடலாம் என்றார். வந்துவிடலாம் என்று தெரிந்த பிறகு மகனுக்கு அங்கே இருக்க முடிந்தது. அதன் பின் இன்னும் மூன்று ஆண்டுகள் உழைத்துத்தான் பட்டம் பெற்றார். அவர் திரும்பி வந்திருந்தாலும் அந்த இரவின் மதிப்புக் குறைந்திருக்காது.

நற்செய்தியில் மார்த்தாவை ஆண்டவர் கடிந்துகொண்டது சமைத்ததற்காக அல்ல. சமைத்தவர் இல்லாவிட்டால் சாப்பாடு எங்கிருந்து வரும்? பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கியதால், வந்தவரைப் பார்க்கவே மார்த்தாவுக்கு நேரமில்லாமல் போனது. மரியா அவர் காலடியில் உட்கார்ந்தார். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 53ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருகிறவர்களைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும், முதலில் செபத்துக்கு அழைத்துப்போக வேண்டும், பிறகு அவர்களோடு உட்கார வேண்டும் என்கிறார். சகாய அன்னையின் முன்னிருந்து அம்மாவை நாங்கள் எழுப்பியபோது, செபிக்கவும் விடவில்லை, கூட உட்காரவும் இல்லை. பெத்தானியாவின் மார்த்தாவாவது சமைத்தார். நாங்கள் அதுவும் செய்யவில்லை.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் படிக்கிறார்கள். செருமனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இப்போது முதலிடம். 2023-24ஆம் கல்வியாண்டில் 49 ஆயிரத்துக்கும் மேல். தோப்பை அடமானம் வைத்தும் நகையை விற்றும் அனுப்பிய பெற்றோர் நம்மில் உண்டு. அவர்கள் ஒரு முறை போய்ப் பார்த்துவர ஆசைப்படுவது இயல்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செருமனியில் படிக்கும் மாணவர், ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள விதி. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். வேலை செய்யலாம் என்றாலும் ஆண்டுக்கு 140 முழு நாட்கள்தான். எனவே பிள்ளை சம்பாதிக்கிறான் என்று நினைத்து, ஊர் சுற்றவும் உறவினருக்குப் பொருள் வாங்கவும் பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அது ஒற்றை அறை. ஆள் தங்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டியிருக்கலாம். தேர்வு நேரமா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். போனதும் சாரா எங்கே என்று கேளுங்கள். "மார்க் எவ்வளவு, வேலை எப்போ, எதிர்வீட்டுப் பையன் கார் வாங்கிவிட்டானே" என்று தொடங்காமல், "யாரோடு சாப்பிடுகிறாய், முடியாதபோது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் இந்த உரையைக் கைப்பேசியில் அங்கிருந்தே கேட்கிறீர்கள். அப்பா அம்மா வரும்போது கோட்டைகளையும் ஏரிகளையும் காட்டுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு நாளையாவது ஒன்றும் திட்டமிடாமல் விடுங்கள். அந்தச் சிறிய அறையைக் காட்டுங்கள். குப்பையை வகை பிரித்துப் போடும் இடத்தையும் நீங்கள் ரொட்டி வாங்கும் கடையையும் காட்டுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவை நண்பர்கள் முன் அறிமுகப்படுத்தக் கூச்சப்படாதீர்கள். ஆறிய சோற்றையும் தோற்ற தேர்வையும் மறைக்காதீர்கள். உங்கள் கூடாரத்துக்குள் இருப்பதைப் பார்க்கத்தான் அவர்கள் கடல் தாண்டி வருகிறார்கள்.

கடைசியாக, நம் ஊரைப் பற்றி. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர், கருமத்தம்பட்டி விசைத்தறிகளிலும் கோவை வார்ப்படச் சாலைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சிலர் நம் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒறம்பரை வருகிறார்கள். இரண்டு இரவு இரயிலில், முன்பதிவில்லாத பெட்டியில், பொரியும் வெல்லமும் கட்டிக்கொண்டு ஓர் அம்மா வருகிறார். நம் லைன் வீட்டில் தங்கினால், "ஆள் கூடினால் தண்ணீர்க் காசு கூடும்" என்கிறோமா? விடுதி வாசலிலேயே நிற்க வைத்துப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்புகிறோமா? இன்ஸ்புருக்கில் எங்கள் அம்மாவுக்குக் கன்னியர்கள் அறை கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒரு பெண் எங்களில் ஒருவருக்கு மாடி ஏறிச் சூப் கொடுத்தார். வாங்கியவர்கள் நாங்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் இன்று நாம் எல்லோரும் இருக்கிறோம்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு செயல். நம் தெருவில் வேற்று மாநிலத்துப் பிள்ளைகள் இருந்தால், பெயர் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். அடுத்த ஞாயிறு அவர்களை நம் பக்கத்தில் உட்கார வைப்போம்.

செபிப்போமாக. மார்த்தா மரியா இல்லத்துக்கு ஒறம்பரையாக வந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளுக்கும் வாரும். நாங்கள் காட்ட விரும்புவதை மட்டுமல்ல, மறைத்து வைத்திருப்பதையும் விசாரியும். தூர தேசத்தில் தனி அறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளையும், எங்கள் ஊரில் தனி அறையில் இருக்கும் அடுத்தவர் பிள்ளைகளையும் உம் அன்னையின் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். ஆமென்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!